கருப்பசாமிக்குப் போன பூட்ஸ்

சிவபாண்டியின் கால் எந்தக் கடைக்காரன் கணக்கிலும் வராத கால். முன்பக்கம் முறம் மாதிரி விரிந்து கிடக்கும். குதிகால் பக்கம் சின்னதாக ஒடுங்கிவிடும். நீளத்துக்கு எட்டாம் நம்பர் போதும், அகலத்துக்குப் பத்தாம் நம்பர் வேண்டும். எட்டு போட்டால் சுண்டுவிரல் நசுங்கும். பத்து போட்டால் குதிகால் உள்ளே ஏறி இறங்கித் தோல் உரியும்.

"என்னலே காலு இது, வாத்துக்குச் செஞ்சு வச்சத ஒனக்கு மாட்டி அனுப்பிட்டாரு ஆண்டவரு" என்று நான் கேலி செய்வேன்.

"வாத்து எங்கலே மலை ஏறுது?" என்பான் அவன்.

அதுவும் சரிதான். மலை ஏறுவதுதான் அவன் பிழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கும் காட்டில் வேட்டைத்தடுப்புக் காவலன். நான் அந்தக் காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன், பெயர் ஜெபக்குமார், சொந்த ஊர் செட்டியார்பட்டி. ஜீப் போகிற பாதை எங்கே முடிகிறதோ அங்கே நான் இறங்கி பீடி பற்றவைப்பேன். அவன் இறங்கி நடக்க ஆரம்பிப்பான். வாரக்கணக்கில் மேலே முகாமில் கிடந்துவிட்டு இறங்கி வருவான். மரம் வெட்டுகிறவன், கண்ணி வைக்கிறவன், தீ வைக்கிறவன் எல்லாருக்கும் பின்னால் நடந்தே திரிகிற வேலை. அவனுக்கு அது பிடித்திருந்தது. கான்சாபுரத்தில் அப்பாவுடைய ஆடுகளோடு மலையடிவாரத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவன். இடையில் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தான். நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது என்று ஓடி வந்துவிட்டான். "அங்கன மழை பெய்யுதா வெயிலடிக்கான்னே தெரியலலே" என்று குறைப்பட்டுக்கொண்டான். இப்படி ஒரு குறை சொல்லி மில் வேலையை விட்டவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு சோடி பூட்ஸ் வரும். யாரோ ஒரு கான்ட்ராக்டர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவான். முதலில் வந்தவன் அளவு பார்த்து எடுப்பான், கடைசியில் வந்தவனுக்குக் கிடைத்தது. பார்க்கத் தோல் மாதிரியே பளபளக்கும். முதல் மழைக்கு மேல்பூச்சு உரிந்து உள்ளே துணி தெரியும். இரண்டாம் மழைக்கு சோல் வாயைப் பிளக்கும். அதைக் கொடிக்கம்பியால் கட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள் உண்டு. சிவபாண்டி பத்தாம் நம்பரை எடுத்து, இரண்டு சாக்ஸ் போட்டு, குதிகாலில் பழந்துணி திணித்து நடப்பான். பூட்ஸைப் பற்றி அவன் யாரிடமும் குறை சொன்னதில்லை. குறை சொல்கிறவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் அவன் இறங்கி வந்து ஜீப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸ் சிவப்பாக ஊறியிருந்தது. சோலில் இருந்த ஆணி உள்ளே கிளம்பிப் பாதத்தில் குத்திக்கொண்டே வந்திருக்கிறது, மலை உச்சியிலிருந்து.

"ஏலே, வலிக்கலியாலே?"

"என்ன வலி?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். நான் அப்படியே ஜீப்பைக் கிளப்பினேன்.

ராஜபாளையத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை. அதுவும் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி முக்கால்வாசி போய்விட்டது. டாக்டர் அவனுடைய மனைவி காளீஸ்வரியையும் உட்காரவைத்துச் சொன்னார். "இவருக்குக் கால்ல புண்ணு வந்தா தெரியாது. தெரியிறப்போ நேரம் கடந்திருக்கும். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்ல காலுக்குச் சரியான பூட்ஸ் வாங்குங்க. கடிக்கக் கூடாது, உள்ள வழுக்கவும் கூடாது. இந்தக் காலைக் காப்பாத்துறது அதுதான்."

காளீஸ்வரி வீட்டில் நைட்டி தைக்கிறவள். கெட்டிக்காரி, படபடப்புக்காரி. அன்று முதல் அவன் மலையிலிருந்து இறங்குகிற நாளெல்லாம் அவன் காலைக் கழுவித் துடைத்து மடியில் வைத்து, விரல் இடுக்குக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். அவன் கூச்சத்தில் நெளிவான். "ஏட்டி, காலப் போயி மடியில வைக்கிறியே" என்பான். "நீங்க சும்மா இருங்க, ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று அவள் அதட்டுவாள்.

பூட்ஸ் விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆள் வைகுண்டராஜ் ஆம்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து ராஜபாளையத்தில் சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பு செய்துகொண்டிருந்தார். காவலர்கள் எல்லாரும் சேர்ந்து காசு போட்டுச் செய்துகொடுப்பதாகப் பேச்சு. காலையில் போனோம்; திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போதுதான் அளவு எடுப்பாராம். சாயங்காலம் போனால் இரண்டு காலையும் தனித்தனியாகத் தாளில் வைத்து வரைந்தார். இடது கால் கொஞ்சம் பெரியது என்று அன்றைக்குத்தான் சிவபாண்டிக்கே தெரிந்தது. எருமைத்தோல் ஒன்றை எடுத்து விரித்தார். அதில் முள் கீறிய தழும்பு ஒன்று கோடாகத் தெரிந்தது.

"இது என்னண்ணே, கீறல் விழுந்த தோலா இருக்கு?" என்று நான் முகம் சுளித்தேன்.

"தழும்பு தெரியுதுன்னா மேல்தோல சீவலன்னு அர்த்தம் தம்பி. வழவழன்னு இருக்கது பூராவும் சீவி மேல பெயின்ட் அடிச்சது. அதுதான் ஒங்க மலையில உரிஞ்சு விழுது." கட்டைவிரலால் தோலை அமுக்கிக் காட்டினார். சுற்றிலும் பொடிச் சுருக்கம் விழுந்தது, விரலை எடுத்ததும் மறைந்துவிட்டது.

ஒரு மாதம் போல எடுத்துக்கொண்டார். வந்தது பாருங்கள் ஒரு பூட்ஸ்! விரல் பக்கம் அகலம், குதிகாலில் கச்சிதம், உள்ளே உறுத்துகிற மாதிரி ஒரு தையல் கிடையாது. சோலை ஒட்டவில்லை, மெழுகு நூலால் தைத்திருந்தார். தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றலாம். தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, மெழுகுதான் போடவேண்டும், நனைந்தால் அடுப்புப் பக்கம் வைக்காமல் நிழலில் உலர்த்தவேண்டும் என்று காளீஸ்வரிக்கு ஏகப்பட்ட பாடம். சிவபாண்டி போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தான். புது மாப்பிள்ளை தோற்றான்.

"எப்பிடிலே இருக்கு?"

"போட்ட மாதிரியே இல்லலே" என்றான்.

அதற்குப் பிறகு காளீஸ்வரியின் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கொப்புளம்கூட அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு அடுப்பில் கொதிக்க, அவள் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்ப்பாள். போகப்போகத் தோல் அவன் காலுக்குப் பழகி, அந்த வாத்துக்காலின் வடிவத்துக்கே வந்துவிட்டது. மழை, பாறை, முள், ஒன்றும் அதை அசைக்கவில்லை. எனக்கு என்னவோ நானே செய்து கொடுத்த மாதிரிப் பெருமை. பார்க்கிறவனிடமெல்லாம் அந்தத் தழும்பைக் காட்டி விளக்கம் சொல்வேன்.

அப்படியே போயிருக்கலாம். ஐப்பசி மழை வந்து கெடுத்தது.

மேலே முகாமிலிருந்து சிவபாண்டியும் பேச்சிமுத்து என்கிற இன்னொரு காவலரும் ரோந்து போயிருக்கிறார்கள். ஓடையைத் தாண்டும்போது காட்டாறு திடீரென்று பொங்கிவிட்டது. பேச்சிமுத்து இந்தக் கரை, சிவபாண்டி அந்தக் கரை. அப்புறம் ஆளையே காணோம். பேச்சிமுத்து மட்டும் நடுங்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். மழை விடாமல் தேடிப் போகவும் முடியாது. செய்தி கேட்டு காளீஸ்வரி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். நாங்கள் எல்லாரும் மலையடிவாரத்தில் ஒத்தப்புளிக் கருப்பசாமி கோயில் முன்னால் நின்றோம்.

அந்தக் கருப்பசாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயில் என்றால் கட்டடம் கிடையாது. புளியமரம், அதன் அடியில் அரிவாள், வேல். ராத்திரியில் சாமி மலையெல்லாம் சுற்றிக் காவல் பார்க்கிறார், நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துவிடுகிறது என்று நம்பிக்கை. அதனால் வேண்டிக்கொள்கிறவர்கள் செருப்பு செய்து மரத்தில் கட்டுவார்கள். முழ நீளத்தில் பெரிய பெரிய தோல் செருப்புகள், மணி வைத்தது, ஆணி அடித்தது. எல்லாமே புதுச் செருப்புதான். மனுஷன் போட்டதை யாரும் சாமிக்குக் கட்டுவதில்லை.

காளீஸ்வரி அந்த மழையில் மரத்தடியில் விழுந்து கதறினாள். "கருப்பா, அவிய காலு நடந்து எங்கிட்டத் திரும்பி வரணும். வந்தா, அவிய கால்ல கெடக்கதையே கழத்தி ஒனக்குக் கட்டுதேன்!"

எல்லார் காதிலும் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அந்த நேரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. ஆள் வந்தால் போதும் என்று நானும் எங்கள் ஆண்டவரிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில் சாயும் நேரம் சிவபாண்டி வந்துவிட்டான். ஓடை வடியாது என்று கண்டு, மேலே ஏறி, முகட்டைச் சுற்றிக்கொண்டு வேறொரு பள்ளத்தாக்கு வழியாக, ராத்திரி பாறை இடுக்கில் உட்கார்ந்து, பகல் முழுக்க வழுக்குப்பாறையில் நடந்து வந்திருக்கிறான். உடம்பெல்லாம் அட்டை. முகமெல்லாம் கீறல். ஜீப்பில் உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றினேன். கால் இரண்டும் பழுதில்லாமல் இருந்தது. ஒரு சிராய்ப்பு கிடையாது. நான் அழுதுவிட்டேன்.

காளீஸ்வரியும் அழுதாள். அழுதுகொண்டே அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சத்தம் போட்டேன். "தாயே, கொண்டாந்து சேத்தது அந்த பூட்ஸு. அதையே கழத்திக் குடுத்துட்டு நாளைக்கு இவன் எதப் போட்டு நடப்பான்? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

சிவபாண்டிதான் பேசினான். "செபம், ஒங்க சாமியப் பத்தி நான் என்னைக்காச்சும் ஒரு வார்த்த பேசியிருக்கனாலே?"

முடிந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? நான் வேதக்காரன், கிறிஸ்தவன். நான் ஒன்று சொன்னால் ஊரில் அது வேறு ஒன்றாகப் போய்ச் சேரும். வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்தக் கோயில் பூசாரி தங்கச்சாமியிடமே போனேன். அவராவது வழி சொல்லட்டும் என்று.

தங்கச்சாமி நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "புதுசா ஒரு சோடி பெருசாச் செஞ்சு கட்டுங்க. சாமிக்குத் தெரியாதா, நோயாளி காலுன்னு? அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. இல்ல, சொன்ன சொல்லுப்படி அதையேதான் கட்டணும்னாலும் கட்டுங்க. புருசனும் பொஞ்சாதியும் மனசொத்து எதக் குடுக்கீகளோ அத வாங்கிக்கிடுவாரு. பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

அடேயப்பா, எனக்கு வந்த நிம்மதி! பூசாரியே சொல்லிவிட்டார், இனி என்ன? வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு ஜீப் ஓட்டினேன். இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் போய் அந்தப் பூட்ஸையே கட்டிவிட்டு வந்துவிட்டார்கள். காளீஸ்வரி மெழுகு தேய்த்து, புது லேஸ் கோத்துக் கட்டியிருக்கிறாள். எனக்குச் செய்தி பேச்சிமுத்து மூலம் வந்தது. ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹாரன் அலறியது, அவ்வளவுதான்.

வைகுண்டராஜிடம் பழைய அளவுத் தாள் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அதேபோல இன்னொரு சோடி செய்து வாங்கி வந்தேன். சிவபாண்டி டப்பாவைத் திறந்து பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். மூடி பீரோ மேல் வைத்துவிட்டான்.

"சாமி காலுக்கு ஒண்ணு குடுத்துட்டு, அச்சு அசலா அதே மாதிரி நானும் போட்டுக்கிட்டு அவரு முன்னால நடந்தா, சரிக்குச் சரி நிக்க மாதிரி ஆகாதாலே? கோயில்ல மாசிக் கொடைத் திருவிழா முடியட்டும். பொறவு போட்டுக்கிடுதேன். செத்த நாளுதான்."

செத்த நாள். அந்தச் செத்த நாளில் அவன் சாக்கில் வந்த கான்ட்ராக்டர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மலை ஏறினான். பத்தாம் நம்பர், இரண்டு சாக்ஸ், குதிகாலில் பழந்துணி. இறங்கி வந்த நாளில் காளீஸ்வரி டார்ச் அடித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஆனால் தை மாதம் முயல் வேட்டைக்காரர்கள் அதிகம் என்று முகாமில் கூடுதலாகத் தங்கவைத்துவிட்டார்கள். அங்கே டார்ச் அடித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சுண்டுவிரலுக்கு அடியில் துணி மடிந்து உறுத்தியிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. கீழே வந்து பூட்ஸைக் கழற்றியபோது முதலில் வாடைதான் வந்தது.

சுண்டுவிரலை எடுத்தார்கள். அடுத்த விரலும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் டாக்டர், "இதோட நின்னா நல்லது" என்பார். நிற்கவில்லை.

அந்த நாட்களில் நான் ஒருதரம் தனியாக அந்தப் புளியமரத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், திருடத்தான் போனேன். வேதக்காரன் கருப்பசாமியின் செருப்பைத் திருடினான் என்றால் ஊர் இரண்டுபடும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்துதான் போனேன். பனியிலும் வெயிலிலும் மற்ற செருப்பெல்லாம் சுருண்டு, வறண்டு, அப்பளமாகத் தொங்கின. அந்தப் பூட்ஸ் அப்படியே இருந்தது. ஒரு தையல் பிரியவில்லை, ஒரு வெடிப்பு இல்லை. கட்டைவிரலால் அமுக்கினேன், சுருக்கம் விழுந்து மறைந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். அடித்தோலில் அவன் பாதம் குழிந்து பதிந்திருந்தது. குதிகால், பாதத்தின் அகலம், வரிசையாக ஐந்து விரல். சுண்டுவிரலின் குழியும் இருந்தது.

இதைக் கொண்டுபோய் இனி எந்தக் காலில் மாட்டுவது? கையை எடுத்துவிட்டு வந்துவிட்டேன். பாழாய்ப்போன தோல், கொஞ்சம் மட்டமாக இருந்து தொலைத்திருந்தால்கூட என் வயிறு இப்படி எரிந்திருக்காது.

மாசிக் கொடைக்கு முன்னாலேயே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாள் கழித்து மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். காளீஸ்வரி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிவபாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். "இனி ஒனக்கு வேல மிச்சம்லே, ஒத்தக் காலு பூட்ஸு போதும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க" என்றாள். "அதக் கட்டும்போது எனக்கு மனசே இல்லங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பூசாரிதான் புதுசு கட்டலாம்னு சொல்லிட்டாரே. நீங்க வேண்டாம்டின்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு வழியெல்லாம் எதிர்பாத்துக்கிட்டே வந்தேன். நானா எப்பிடிங்க சொல்லுவேன்? நேந்தவளே பின்வாங்குனா ஒங்களுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயம். கயிறக் கையில வச்சிக்கிட்டு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க ஒண்ணுமே சொல்லலயே."

சிவபாண்டி போர்வையைப் பார்த்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

"எனக்கு மட்டும் மனசு இருந்துச்சாட்டி?" என்றான். "நான் வேண்டாம்னு சொன்னா, நீ பயந்து பயந்தே செத்துப்போவியேன்னுதான் பேசாம நின்னேன். நீயாச் சொல்லுவியோன்னு நானும் ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."